நெல்லூர்க் கிணறுகள்

கிணற்று நீரின் குணத்தை நாவினாலும் அடுப்பினாலும் பரீட்சித்தவர்கள் நம் முன்னோர்; பருப்பு எளிதில் வெந்தால் நல்ல நீர், வேகாவிட்டால் ஆகாத நீர் என்பதே கிராமத்தின் சாஸ்திரம். அதை எள்ளி நகையாட வேண்டியதில்லை. நீரின் கடினத்தன்மையைக் காட்டுவதில் அடுப்பு பெரும்பாலும் பொய் சொன்னதில்லை. ஆயினும், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில், பற்களில் பழுப்புக் கறை படிந்து, முதுகெலும்பு விறைத்து, குனியவும் திரும்பவும் இயலாமற்போன குடியானவர்களின் துன்பத்துக்குக் காரணம், கண்ணுக்கும் நாவுக்கும் புலப்படாமல் குடிநீரில் கலந்திருந்த ஃப்ளோரைடே என்பதை, 1937-ல் ஷார்ட் முதலிய வைத்தியர்கள் பிரசுரித்த ஆராய்ச்சி வெளிப்படுத்திற்று. பாறைகளினின்று கரைந்துவரும் இவ்வஸ்து, சுண்ணாம்புச் சத்துக் குறைந்த நீரிலேயே மிகுதியாகத் தங்குமாதலால், பருப்பைப் பதமாக வேகவைக்கும் கிணறே எலும்பைக் கெடுக்கும் கிணறாகவும் இருக்கக்கூடும். அடுப்பின் சாஸ்திரம் தோற்ற இடம் அதுதான். பிற்காலத்தில், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பை மீறிய நீரைத் திருத்துவதற்கு, நாகபுரி ஆராய்ச்சி நிலையத்தார் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துக் கலக்கித் தெளியவைக்கும் முறையொன்றை வகுத்து, அதற்கு, இதே துன்பத்துக்கு ஆளான நல்கொண்டா ஜில்லாவின் பெயரையே சூட்டினர். கலங்கல் நீரில் படிகாரத்தைச் சுழற்றுவது நம் பெண்களுக்குப் புதிதன்று. தெளிந்த நீரிலேயே அதைப் போடச் சொன்னதுதான் புதிது.