மகனைத் தேடிய வாப்பா

 

தரம் 11 பிள்ளைகளுக்கு முதலாம் உலக மகா யுத்தப் பாடத்தை முடித்த அன்று ஒரு மாணவன் எழும்பிக் கேட்டான்: "சேர், மையித்தே கிடைக்காட்டி அந்தப் பொடியன்மார்ர உம்மா வாப்பா என்ன செய்வாங்க?"

பாடநூலில் அதற்குப் பதில் இல்லை. எனவே ஒரு பொடியனின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் எழுதுகிறேன். சற்று நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

மௌக்லியையும் ஷேர்கான் புலியையும் தெரியாத பிள்ளைகள் குறைவு. அந்த 'ஜங்கிள் புக்' கதைகளை எழுதியவர் ருட்யார்ட் கிப்ளிங். 1865இல் பம்பாயில் பிறந்த ஆங்கிலேயர், 1907இல் நோபல் பரிசு பெற்றவர், பிரித்தானியப் பேரரசின் மீது பெரும் பற்றுள்ளவர். அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்த மகள் 1899இல் ஆறு வயதில் நோயில் இறந்துபோனாள். ஒரே மகன் ஜோன், 1897 ஆகஸ்ட் 17இல் பிறந்தவன்.

ஜோனுக்குக் கண் பார்வை மிகவும் குறைவு. அதனால் கடற்படைக்குப் போகும் எண்ணம் கைகூடவில்லை. 1914 ஆகஸ்டில் யுத்தம் தொடங்கியதும் தரைப்படைக்குப் போனான். அங்கும் கண்ணைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினார்கள்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மகனுக்குப் போக ஆசை. வாப்பாவோ இளைஞர்களைப் படைக்கு வரச் சொல்லி மேடைகளில் பேசியவர். முன்னாள் தளபதி லோர்ட் ரொபேர்ட்ஸ் அவருடைய நண்பர், ஐரிஷ் கார்ட்ஸ் என்ற காலாட்படைப் பிரிவின் கௌரவ கேணல். அவரிடம் சொல்லி மகனுக்கு இடம் எடுத்தார். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், ஆள் பிடித்துச் சேர்த்துவிட்டார். ஜோன் இரண்டாம் லெப்டினன்ட் ஆனான். வயது 17.

1915 ஆகஸ்டில், 18ஆவது பிறந்த நாளை ஒட்டி, பிரான்ஸுக்குப் போனான். செப்டம்பர் 25இல் லூஸ் என்ற ஊரில் பெரும் சண்டை தொடங்கியது. பிரித்தானியப் படை முதன்முதலாக நச்சு வாயுவைப் பயன்படுத்தியது அங்கேதான். சில இடங்களில் காற்று மாறி, அந்த வாயு அவர்களுடைய ஆட்களையே தாக்கியது. 27ஆம் திகதி பின்னேரம் ஜோனின் படையணி ஒரு சிறு காட்டை நோக்கி முன்னேறியது. எதிரே இயந்திரத் துப்பாக்கிகள். அதன் பிறகு ஜோனைக் காணவில்லை. பிரான்ஸில் கால் வைத்து ஆறு வாரம். அதுதான் அவனுடைய முதல் சண்டை.

ஒக்டோபர் தொடக்கத்தில் வீட்டுக்குத் தந்தி வந்தது: காயப்பட்டுள்ளார், காணாமல் போயுள்ளார். 'இறந்துவிட்டார்' என்று இருந்திருந்தால் அழுது முடித்திருப்பார்கள். 'காணாமல் போயுள்ளார்' என்ற சொல் அவர்களை அழவும் விடவில்லை. தாயும் தந்தையும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விசாரித்தார்கள். திரும்பி வந்த சிப்பாய்களைத் தேடிப்பிடித்துக் கேட்டார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொன்னார்கள்.

1917இல் கிப்ளிங் யுத்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் ஆணைக்குழுவில் சேர்ந்தார். பெயர் தெரியாத சிப்பாய்களின் கல்லறைகளில் 'இறைவன் அறிந்தவர்' என்ற பொருளில் இன்றும் காணப்படும் வாசகம் அவர் தெரிவு செய்தது. மகனின் படைப்பிரிவுடைய வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி 1923இல் வெளியிட்டார். அதில் தன் மகனுக்கென்று அவர் ஒதுக்கிய இடம் மிகச் சிறியது.

1927இல் பிரான்ஸின் நூவ் ஷப்பெல் என்ற இடத்தில், கல்லறை இல்லாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களின் நினைவிடம் திறக்கப்பட்டபோது அங்கும் போனார். அந்தப் பெயர்களில் பஞ்சாபிலிருந்தும் எல்லைப்புறத்திலிருந்தும் போன முஸ்லிம் பொடியன்மார் நிறையப் பேர். அவர்களின் வாப்பாமாருக்குப் பிரான்ஸுக்குப் போய்த் தேட வசதியேது?

கிப்ளிங் 1936இல் காலமானார், மகனின் கல்லறையைக் காணாமலே. 1992இல் அந்த ஆணைக்குழு, பெயர் தெரியாத ஐரிஷ் கார்ட்ஸ் லெப்டினன்ட் ஒருவரின் கல்லில் ஜோனின் பெயரைப் பொறித்தது. அது அவன்தானா என்று ஆய்வாளர்கள் பிறகும் வாதிட்டார்கள். எப்படியும், அதைப் பார்க்கப் பெற்றோரோ சகோதரியோ உயிருடன் இல்லை.

மாணவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "தேடுவாங்க மகன். மௌத்தாகும் வரைக்கும் தேடுவாங்க."

உறவுகளே, நம் நாட்டிலும் அப்படித் தேடுகிற வீடுகள் இருக்கின்றன. தமிழ் வீடுகளும் முஸ்லிம் வீடுகளும் உண்டு. யுத்த களத்தில் காணாமல் போன சிப்பாய்களுக்காகக் காத்திருக்கும் சிங்களத் தாய்மாரும் உண்டு. "இவ்வளவு வருஷமாச்சு, இனி மறந்திடுங்க" என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். ஒரு ஜனாஸாவுக்குப் போய் உட்காருவதைப் போல, அந்த வீட்டிலும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

காத்திருக்கும் எல்லா உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் அல்லாஹ் ஆறுதலைத் தருவானாக.