மிரியின் முதற்கிணறும் ஒரு தந்தையின் வினாவும்



என் முன்னாள் மாணவி ஒருத்தி பெட்ரோலிய நிலவியலில் இளங்கலைப் பட்டம் பயில விரும்புகிறாள். "கல்லைப் படித்தால் சோறு கிடைக்குமா, சார்?" என்று அவள் தந்தையார் வினவினார். அவருக்கு மிரியின் வரலாற்றைக் கூறினேன்.

சரவாக்கின் மிரிப் பகுதி மக்கள் கையால் கிணறு தோண்டி எண்ணெய் எடுத்து வந்தனர். 1882-ஆம் ஆண்டிலேயே கிளாட் டி கிரெஸ்பினி என்னும் அதிகாரி இதனைப் பதிவு செய்தும் அரசு அக்கறை கொள்ளவில்லை. பின்னர் சார்லஸ் ஹோஸ் கசிவுகளை வரைபடத்தில் குறித்தார். ஷெல் குழுமத்தின் சுவிஸ் நிலவியலறிஞர் ஏர்ப் நிலத்தை ஆராய்ந்து கனடா குன்றைத் தேர்ந்தார். 1910 டிசம்பர் 22-இல், ஏறத்தாழ 130 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் கிட்டியது.

குன்றை ஏன் தேர்ந்தார்? பாறையடுக்குகள் வில்போல் வளையுமிடத்தில், நீரினும் இலேசான எண்ணெய் மேலேறி, கசியவிடாத அடுக்கின் கீழ்த் தங்கும். படிவுப் பாறையியல், அடுக்கியல், நில அதிர்வலை ஆய்வு ஆகிய பாடங்களெல்லாம் அத்தகைய இடத்தைக் கண்டறியவே கற்பிக்கப்படுகின்றன. பேராக், ஸ்ரீ இஸ்கந்தாரிலுள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இப்பட்டப்படிப்பு உண்டு.

ஆயினும் தந்தையின் அச்சம் வீணன்று. முதற்கிணறு 1972-இல் மூடப்பட்டது. 2014-இல் எண்ணெய் விலை சரிந்தபின் இத்துறையில் பலர் வேலையிழந்தனர். இதனையும் மறைக்காமல் கூறினேன். ஆனால் நிலத்தடி நீருக்கும் மண்சரிவு ஆய்வுக்கும் தேவைப்படுவது இதே நிலவியல்தான்.

"அப்படியானால் படிக்கட்டும்," என்றார் அவர்.