வலி போச்சு, பயம் ஏன் போகலை? குழந்தைகளும் பல் டாக்டரும்: ஒரு சின்ன வரலாறு

1/
கோவை, ஈரோடு, திருப்பூர்னு எங்க கொங்குப் பக்கம் எந்த ஜி.ஹெச். ஓ.பி.யில் உட்கார்ந்தாலும் இதைக் கேட்கலாம்: "அழுதீன்னா டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போட்டுருவேன்." சொல்றவங்களுக்கு விளையாட்டு. குழந்தைக்கு அது நிஜம்.

2/
நான் பல் டாக்டர் இல்லைங்க, எம்.பி.பி.எஸ். ஆனா சொத்தைப் பல் முத்தி, கன்னம் வீங்கி, காய்ச்சலோட வர்ற குழந்தையை முதல்ல பார்க்கிறது எங்களை மாதிரி ஆளுங்கதான். "பயந்து அழுவான்னு கூட்டிட்டுப் போகலைங்க" என்பதுதான் பாதிப் பேர் சொல்ற காரணம்.

3/
இந்தப் பயம் சும்மா வந்ததில்லை. ஒரு காலத்தில் மரத்துப்போக வைக்காமலே பல்லைப் பிடுங்கினாங்க. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர், நைட்ரஸ் ஆக்சைடை முகர்ந்துட்டு தன் பல்லையே பிடுங்கக் கொடுத்தார். வலி தெரியலை. 1943இல் ஸ்வீடனில் லிக்னோகெயின் வந்தது. இன்னைக்கும் பல் எடுக்க மரத்துப்போகப் போடுறது பெரும்பாலும் அதுதான்.

4/
வலிக்கு மருந்து கிடைச்சது. பயத்துக்கு? 1920களில், அழுது திமிறும் குழந்தையின் வாயை மடிச்ச துணியால் மூடலாம்னு எழுதினாங்க. அதுவே கையால் வாயைப் பொத்தும் முறையாகி, பல பத்தாண்டுகள் பாடத்தில் இருந்தது. அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவ அகாடமி அதைத் தன் வழிகாட்டுதலில் இருந்து எடுத்தது 2006இல்தான்!

5/
இதுக்கு நடுவுல 1959இல் அடெல்ஸ்டன் ஒரு எளிய வழி சொன்னார்: சொல், காட்டு, செய்.
"சாமி, இது காத்தடிக்கிற குழாய்."
விரல்ல அடிச்சுக் காட்டணும்.
அப்புறம் அதை மட்டும் பல்லில் செய்யணும். சொன்னதைத் தாண்டி எதுவும் கூடாது. குழந்தையின் நம்பிக்கை அங்கேதான் நிக்குது. நம்ம ஊர் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் இதுதான் பாடம்.

6/
பெற்றோர் செய்ய வேண்டியது:
• ஊசி, டாக்டர் பேரைச் சொல்லி மிரட்டாதீங்க.
• "வலிக்கவே வலிக்காது"ன்னு பொய் வேண்டாம். "கொஞ்சம் சுருக்குனு இருக்கும், சீக்கிரம் முடிஞ்சிரும்" போதும்.
• ஒரு வயசுக்குள்ள, வலி இல்லாதப்பவே ஒரு தடவை பல்லைக் காட்டிருங்க.
• அங்கன்வாடி, அரசுப் பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. குழு பல்லையும் பார்ப்பாங்க. சொத்தைன்னு சொன்னா தள்ளிப் போடாதீங்க.

7/
பயத்தால் தள்ளிப் போட்டா, அடைச்சு முடிக்க வேண்டிய பல்லைப் பிடுங்க வேண்டி வரும். குழந்தை பயந்தது சரின்னு நாமளே நிரூபிச்ச மாதிரி ஆயிரும். அந்த வேலையை நாம செய்ய வேண்டாமுங்க.