ஒரு தேதி, மூன்று பயணம்

வன்னியில், ஜெயபுரத்தில் ஒரு பெரியவர் வீட்டில் பழைய றங்குப்பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் அடியில், உரப்பையில் வெட்டிய பொலித்தீனுக்குள், அவருடைய பிரஜாவுரிமைப் பத்திரம். மடிப்பெல்லாம் கிழிந்து, சோற்றுப் பசையால் ஒட்டியிருக்கிறது. 1983 கலவரத்துக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர்களில் அவரும் ஒருவர். "லயத்துக்கு நெருப்பு வச்சப்ப மொதல்ல இதத்தான் எடுத்தேன்" என்றார்.

அந்தக் கடதாசியின் கதை 1964 ஒக்டோபர் 30, வெள்ளிக்கிழமை, புதுடில்லியில் தொடங்குகிறது. இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் அன்று ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான மலையகத் தமிழரின் தொகை 9,75,000 என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியா எடுப்பது, 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்வது என்று முடிவானது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாமாம். பத்து வருடம் கழித்து அவர்களையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரு காணித் துண்டைப் பிரிப்பதென்றாலும் பங்காளிகளைக் கூப்பிட்டு இருத்திப் பேசுவது நம் வழக்கம். இங்கே பிரிபட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இலங்கைக்கு என்று உடைந்த வீடுகள் எத்தனையோ.

இதே தேதியில், 1938இல், அமெரிக்காவில் ஒரு வேடிக்கை நடந்தது. ஓர்சன் வெல்ஸ் என்ற இளைஞர், செவ்வாய்க் கிரகத்தார் நியூஜேர்சியில் வந்திறங்கிவிட்டதாகச் செய்தி வாசிப்பதுபோல ஒரு வானொலி நாடகம் நடத்தினார். சிலர் நிசமென்று நம்பிக் கலங்கினார்கள். நாடே கிலி பிடித்து ஓடியதாக மறுநாள் பத்திரிகைகள் எழுதியது பெரும்பாலும் ஊதிப் பெருப்பித்த கதை.

நமது ஒக்டோபர் 30களில் ஒலிபெருக்கி சொன்னது நாடகமல்ல.

1990, செவ்வாய்க்கிழமை. யாழ்ப்பாணம் சோனகதெருவில் புலிகளின் அறிவிப்பு வந்தது. ஒஸ்மானியாக் கல்லூரிக்கு வந்து கூடியவர்களுக்கு, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகும்படி உத்தரவு. அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். கொதிக்கவைத்த உலையை இறக்காமல் போனவர்களும் உண்டு. இதை எழுத நமக்கு நெடுங்காலம் பேனா எழவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995, திங்கட்கிழமை. 'சூரியக்கதிர்' படை நடவடிக்கை நெருங்கிவர, வலிகாமத்து மக்கள் அனைவரும் உடனே வெளியேற வேண்டும் என்று மாலையில் புலிகளின் ஒலிபெருக்கி கத்தியது. இலட்சக்கணக்கான சனம், ஐப்பசி மழை, நாவற்குழிப் பாலம். சைக்கிள் கரியரில் அரிசிமூட்டை, அதன்மேல் பிள்ளை. கிழவர்களைக் கதிரையோடு தூக்கினார்கள். நாலைந்து மைல் நகர விடிந்துவிட்டது. தென்மராட்சியில் ஆறு மாதம். 1996 ஏப்ரலில் அங்கும் படை வர, பலர் கிளாலிக் கடலேரி தாண்டி வன்னிக்கு வந்தார்கள்.

அப்படி வந்த ஒரு குடும்பம் அந்தப் பெரியவரின் வளவில் கொட்டில் போட்டது. ஒருநாள் மழையில் பெட்டி நனைய, பத்திரத்தை எடுத்து வெயிலில் காயவைத்திருக்கிறார். அந்த வீட்டு அம்மா குனிந்து வாசித்துவிட்டு, "இஞ்ச பிறந்த உங்களுக்கு ஏன் ஐயா இப்பிடியொரு கடதாசி?" என்று கேட்டாராம்.

"உக்காருங்கம்மா, பெரிய கதை" என்று பாயை எடுத்துப் போட்டாராம் பெரியவர்.