கடன்பட்ட சொல்

விடிந்ததும் கழிப்பது காலைக்கடன். அம்மனுக்கு வேண்டிக்கொண்டதைச் செலுத்தினால் நேர்த்திக்கடன். உயிர் பிரிந்தபின் பிள்ளைகள் செய்வது இறுதிக்கடன். இவற்றுக்கு நடுவே, மகள் கல்யாணத்துக்கோ ஆழ்துளைக் கிணற்றுக்கோ மூணு வட்டிக்கு வாங்கிய பணமும் கடன்தான். பிறப்பு முதல் இறப்பு வரை தமிழனைத் தொடரும் இந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் குடியிருக்கின்றன. ஒன்று செய்தே தீர வேண்டியது, மற்றொன்று திருப்பியே தீர வேண்டியது.

முன்னதே இலக்கியத்தில் ஓங்கி நிற்கிறது. புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் மகனுக்கும் உரிய கடன்களை வரிசையாகச் சொல்கிறார். அங்கே எவரும் எவருக்கும் பணம் தர வேண்டியதில்லை. கடமை, கடப்பாடு, 'ஆகக்கடவது' என்னும்போது வரும் 'கடவது' எல்லாம் இந்தக் குடும்பத்துச் சொற்களே. மலையாளத்தில் 'கடம்', கன்னடத்தில் 'கட' என்று கடனைச் சொல்வதால், பணக்கடன் என்ற பொருளும் புதிதாக வந்து ஒட்டியதில்லை என்பது தெரிகிறது.

ஜெர்மன் மொழியில் 'ஷுல்ட்' என்ற ஒரே சொல் கடனையும் குற்றத்தையும் குறிக்கும். தமிழ் கடனைக் கடமையோடு சேர்த்து வைத்தது. இது மேலான சேர்க்கைதான், ஆனால் சுமை கூடியது. தவணை தவறியவர் பணம் கட்டவில்லை என்பதோடு நிற்காமல், மனிதனாகச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்றும் தம்மிடமே குறைகாண்கிறார். கடன்பட்டவன் நெஞ்சத்தை இராவணனின் கலக்கத்துக்கு உவமையாக்கும் ஓர் அடியைக் கம்பனுடையது என்று மேடைதோறும் சொல்கிறார்கள். கம்பராமாயணத்தில் அந்த அடி கிடையாது. ஆயினும் அந்த வேதனைக்குப் பெரும்புலவன் ஒருவனின் பெயர் வேண்டும் என்று மக்கள் எண்ணியிருக்கிறார்கள். அதுவே இந்தச் சுமைக்கு ஒரு சான்று.

அதே புறநானூற்றில் 327ஆம் பாட்டு வேறொரு காட்சியைக் காட்டுகிறது. எருது கட்டிப் போரடிக்கக்கூடப் போதாத சிறு விளைச்சல். இளைஞர் காலால் மிதித்தெடுத்த வரகு. முதலில் கடன்காரருக்குக் கொடுத்து, மிஞ்சியதைப் பாணர் உண்ண, மறுபடியும் கடனாக வரகு வாங்கிச் சுற்றத்தின் வறுமையைப் போக்குகிறான் ஒரு வீரன். அளந்து வாங்கி அதே அளவில் திருப்பித் தருவதற்குக் 'குறியெதிர்ப்பை' என்று பெயர் இருந்தது. வள்ளுவரும் இந்தச் சொல்லை ஆள்கிறார். அந்தப் பெயர் வழக்கொழிந்தாலும் பண்பு ஒழியவில்லை. அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் வட்டியில்லாமல் வாங்குவதை இன்றைக்குக் 'கைமாற்று' என்கிறோம். சொல்லிலேயே கனம் குறைந்துவிடுகிறது பாருங்கள்!

சோழர் காலத்துக்கு வந்தால் சொல்வளம் வியக்கவைக்கிறது. வட்டிக்கு அன்று 'பொலிசை' என்று பெயர். பொலிதல் என்றால் பெருகுதல், செழித்தல். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. கோயில் பண்டாரத்தில் வைத்த முதலைப் பல ஊர்ச் சபைகள் பொலிசைக்கு வாங்கி, சந்திர சூரியர் உள்ளவரை செலுத்த ஒப்புக்கொண்டன. நந்தாவிளக்குக்குக் கொடுத்த ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்றார்கள். ஆடு சாகும், குட்டி அந்த இடத்தை நிரப்பும், முதல் குறையாது.

இந்த ஏற்பாட்டில் கடன்பட்டது ஊர். தனி ஒருவரின் தூக்கத்தை அது கெடுக்கவில்லை. தனி மனிதர் மேல் பாரம் விழுந்தபோது கதை வேறாக இருந்தது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201இல், பஞ்சம் தாங்காமல் ஒரு வேளாளர் தம்மையும் தம் இரு மகள்களையும் திருப்பாம்புரம் கோயிலுக்கு 110 காசுக்கு விற்றுக்கொண்டதைக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அப்போது சோழரின் தலைநகர் கங்கைகொண்ட சோழபுரம்.

அதே நகரிலிருந்து முன்னர் ஆண்ட முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயர். கங்கையையும் கடாரத்தையும் கொண்ட மரபில், ஒரு வரியை நீக்கியது வெற்றிக்கு இணையான பட்டமாயிற்று! 'கடமை' என்பதே அன்று நிலவரியின் பெயர். வரி திரட்டுவது 'தண்டல்'.

தண்டல் என்ற சொல் சாகவில்லை. 2003இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த அதீத வட்டித் தடைச் சட்டத்தைப் புரட்டினால் நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என ஐந்து பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. அரசன் வரியைத் தண்டிய சொல், இப்போது பூக்கடையிலும் காய்கறித் தரைக்கடையிலும் அன்றாடம் வசூலுக்கு வருபவரின் தொழிற்பெயர். 'கந்து' என்பதைக் கன்னடத்தில் தவணையைக் குறிக்கும் 'கந்து'வோடு சேர்த்துப் பார்க்கலாம். வட்டிக்கோ இரண்டு வழி சொல்கிறார்கள். வடமொழி விருத்தி பிராகிருதம் வழியாகத் திரிந்தது என்பர் சிலர், பனையோலைப் பெட்டியைக் குறித்த பழந்தமிழ் 'வட்டி'யே என்பர் வேறு சிலர். எது சரியானாலும் பொலிசையின் செழிப்பு இந்தச் சொல்லில் ஒலிக்கவில்லை. கேரளத்தில் மட்டும் பொலிசை 'பலிச'யாக இன்றும் வங்கிகளில் வழங்குகிறது.

கடன் மனத்தை என்ன செய்கிறது என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் சாவ் ஆகிய ஆய்வாளர்கள் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். முடிவு 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அறுவடைக்கு முன் 99 சதவீதம் பேருக்குக் கடன், பின்னர் 13 சதவீதம் பேருக்கு. அடகு வைத்தவர்கள் 78 சதவீதத்திலிருந்து 4ஆகக் குறைந்தார்கள். அறிவுச் சோதனையில் அதே மனிதர் அறுவடைக்கு முன் தடுமாறினார், பின்னர் தெளிவாகச் செய்தார். ஆலைகள் கரும்பு வெட்டும் நாளை ஆளுக்கு ஆள் மாற்றித் தருவதால், பருவத்தின் மேல் பழிபோட இடமில்லை. கடனாளிக்குப் புத்தி போதாது என்று பேசுபவர்கள் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும். போதாதது பணம். கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும் மனத்தில் வேறெதற்கும் இடம் மிஞ்சுவதில்லை.

சோழர் தலைநகராயிருந்த கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றியும் இதே கதைதான். மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி. பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். காசு கையில் புரள்வது வெள்ளாமை வீட்டுக்கு வரும்போது மட்டும். தவணையோ வாரா வாரம். 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், பெண்கள் சேர்த்த பணத்தையே அவர்களுக்குள் சுழலவிட்டன. சோழர் காலச் சபையைப் போல அங்கே கடன் பலர் தோளில் பரவியது. பின்னால் வந்த நுண்நிதி நிறுவனங்களின் குழுக் கடனில், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும். தோள் கொடுத்தவர்களே வாசலில் வந்து உட்காரும் நிலை. வங்கிக்குப் பயப்படாத பெண்ணும் பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தைப் பார்க்கக் கூசுகிறாள்.

வசூல் அடாவடியைத் தண்டிக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றம் இன்னொரு மசோதாவை நிறைவேற்றியது. மனம் உடைந்தவர் பேசுவதற்கு 104, 14416 என்ற இலவச எண்கள் இருக்கின்றன. தவணைச் சீட்டின் பின்பக்கத்தில் அந்த எண்களையும் அச்சிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

பொலிசையின் வேர் தமிழ்நாட்டுக் களத்துமேட்டில் இன்னும் பட்டுப்போகவில்லை. தூற்றிக் குவித்த நெல்லுக்குப் 'பொலி' என்று பெயர். மரக்காலில் அளப்பவர் முதல் அளவை ஒன்று என்று எண்ணாமல் 'லாபம்' என்பார், அதன்பிறகு இரண்டு, மூன்று. அந்த லாபம் எந்த வீட்டுக்குப் போகும் என்பது, பழைய வரகுக்களத்தைப் போலவே, களத்தோரம் சாக்கோடு யார் காத்து நிற்கிறார் என்பதைப் பொறுத்திருக்கிறது.