வெண்மணலும் கண்ணாடித் தொட்டியும்

தென்மராட்சியின் தலைநகரென விளங்கும் சாவகச்சேரியில், விடியற்காலையில் முதலிற் கேட்கும் ஒலிகளுள் ஒன்று விளக்குமாற்றின் ஒலியாகும். மாவும் பலாவும் நிழல் செய்யும் முற்றங்களில் இரவெல்லாம் சருகு உதிர்ந்து கிடக்கும். நிலம் செம்மண்ணாயின் அச்சருகு அத்துணை தோன்றாது. தென்மராட்சியோ மணற்பாங்கான நிலம். வெளிறிய மணலில் ஓர் இலை விழுந்தாலும் அது கண்ணை உறுத்தும். ஆதலால் நாள்தோறும் கூட்டுதல் அங்கே வழிவழி வந்த வழக்கமாயிற்று. 2000ஆம் ஆண்டுப் போரில் ஊரே இடம்பெயர்ந்தது; 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னரே பலர் மீண்டனர். ஆளற்ற முற்றத்திலே சருகு மக்கும், மணல் கறுக்கும், புல் எழும். வெண்மணல் தானாக வெண்மையாய் இருப்பதில்லை. அதன்மேல் எவரேனும் வாழ்ந்துகொண்டிருத்தல் வேண்டும்.

கண்ணாடித் தொட்டியில் வெண்மணல் பரப்பி, நீர்ப்பூண்டு நட்டு, மீன் வளர்ப்போரும் இவ்வுண்மையை விரைவில் அறிந்துகொள்கின்றனர். முதல்நாள் அத்தொட்டி பளிங்குபோல் ஒளிரும். சில கிழமைகளில் மீனின் கழிவும், அழுகிய இலையும், கபில நிறப் படிவும், பச்சைப் பாசியும் மணலை மூடிவிடும். உடனே மணல் முழுவதையும் அள்ளிக் கொதிநீரில் அலசிவிட எண்ணுவது இயல்பே. அவ்வெண்ணம் பிழையானது என்பதை மனிதர் கற்றுக்கொண்டது ஒரு நீண்ட வரலாறு.

சீன நாட்டார் சாடிகளிற் பொன்மீன் வளர்த்த காலந்தொட்டு, நீர் கெட்டால் நீரை மாற்றுவதே வழக்கமாயிருந்தது. நீரை மாற்றாமலே தெளிவாய் வைத்திருத்தல் கூடுமா என்ற வினாவை முறையாக ஆராய்ந்தவர் இலண்டன் மருந்தாளர் மன்றத்தில் இரசாயனியாயிருந்த இறொபேட் வாறிங்ரன் என்பவர். ஏறக்குறைய பன்னிரண்டு கலன் நீர் கொள்ளும் கண்ணாடிக் கலமொன்றிலே மணலும் சேறும் கல்லும் இட்டு, நாடாப் போன்ற இலையுடைய வலிசுனேரியாவை நட்டு, இரண்டு பொன்மீன்களை விட்டார். பூண்டு ஒட்சிசனைத் தரும், மீன் காபனீரொட்சைட்டைத் தரும், இரண்டும் ஒன்றையொன்று காக்கும் என்பது அவர் கணிப்பு. கணிப்புச் சரியாயிருந்தும் தொட்டி கெட்டது. முதிர்ந்த இலைகள் அழுகின, வழுவழுப்பான படிவு எங்கும் பரவியது, நீர் கலங்கிற்று.

வாறிங்ரன் தொட்டியைக் கழுவவில்லை. இயற்கையான குளத்திலே இவ்வேலையைச் செய்வது யார் என்று சிந்தித்தார். குளத்து நத்தைகள் ஐந்தாறை எடுத்து உள்ளே விட்டார். அவை அழுகலையும் படிவையும் தின்று தீர்த்தன. நத்தையின் முட்டைகள் மீனுக்கு இரையுமாயின. 1850இல் இலண்டன் இரசாயனச் சங்கத்தின் வாயிலாக இம்முடிவு வெளியாயிற்று. 1853இல் இலண்டன் விலங்கியற் பூங்காவில் மீன்மனை திறக்கப்பட்டது. 1854இல் பிலிப் ஹென்றி கொஸ் எழுதிய நூல் ‘அக்குவாரியம்’ என்னும் சொல்லை மக்களிடையே பரப்பியது. பின்னர்ச் சில ஆண்டுகள் இங்கிலாந்தின் வீடுகளிலெல்லாம் தொட்டி வைக்கும் மோகம் நிலவிற்று. வாறிங்ரனின் பொறுமை அவர்களுட் பலருக்கு இருக்கவில்லைப் போலும்; அம்மோகம் விரைவிலே தணிந்துவிட்டது.

மணலின் மேற்புறத்தை நத்தை துப்புரவாக்கும். மணலினுள்ளே நிகழ்வது யாது? இதற்கு விடை மீன்தொட்டியிலிருந்து வரவில்லை. சாக்கடை நீரிலிருந்து வந்தது. 1877இல் பிரான்சு நாட்டு அறிஞர் சிலோசிங், மியுன்ஸ் ஆகிய இருவரும் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பிய நெடிய குழாயின் ஊடாகக் கழிவுநீரை மெல்ல மெல்லச் செலுத்தினர். முதல் இருபது நாள் அளவும் மாற்றமில்லை. அதன்பின் உள்ளே சென்ற அமோனியா நைத்திரேற்றாக வெளிவந்தது. குளோரபோம் ஆவியைச் செலுத்தியதும் அச்செயல் நின்றது. உயிரற்ற பொருளின் செயலாயின் குளோரபோம் அதனை நிறுத்துவானேன்? மணலின் துகள்தோறும் நுண்ணுயிர்கள் ஒட்டி வாழ்கின்றன என்பது அப்போது தெளிவாயிற்று. புதிய தொட்டியிலே மீன் விடுவதற்குச் சில கிழமை காத்திருத்தல் வேண்டும் என்பதன் காரணமும் அவ்விருபது நாளிலே அடங்கியிருக்கின்றது. கொதிநீரில் அலசிய மணல் கண்ணுக்குத் தூயது. மீனுக்கோ முதல்நாள் மணலேயாகும்.

நகரங்களுக்கு நீர் வழங்கியோரும் இதனை வேறு வழியில் அறிந்திருந்தனர். 1829இல் ஜேம்ஸ் சிம்சன் இலண்டனுக்கு அமைத்த மணல் வடிகட்டியில் அழுக்கு முழுவதும் மேற்படையிலேயே தங்கியது. அதனை மட்டும் மெல்லிதாகச் சுரண்டி எடுத்தனர், அடிமணலைத் தொடவில்லை. 1892இல் வாந்திபேதி பரவியபோது, எல்பை ஆற்றுநீரை வடிகட்டாமற் குடித்த ஹம்பேர்க் நகரில் எட்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆற்றின் கீழ்ப்புறத்திலே, ஹம்பேர்க்கின் கழிவு கலந்த நீரையே எடுத்தும், மணலால் வடித்துக் குடித்த அல்தோனா பெருமளவில் தப்பியது.

தொட்டி வைப்போர்க்கு இதிலிருந்து கிடைக்கும் முறை எளிது. நுண்மணலில் அழுக்கு உள்ளே இறங்காது, மேலே கிடக்கும். பரற்கல்லோ அதனை இடுக்குகளில் ஒளித்துவைக்கும். ஆகவே வெண்மணல் அழுக்கைக் காட்டிக்கொடுக்கின்றதேயன்றிக் கூட்டுவதில்லை. இறப்பர்க் குழாயின் வாயை மணலுக்கு ஒரு விரலளவு மேலே பிடித்து, கிழமைக்கொரு முறை அழுக்கை மட்டும் உறிஞ்சி விடுதல் போதும். புதிய தொட்டியில் எழும் கபில நிறப் படிவு பெரும்பாலும் தயற்றங்கள் என்னும் நுண்பாசியே. அது நாளடைவில் தானே குறையும்.

மணலைத் தடிப்பாக இடுதல் ஆகாது. சாவகச்சேரிக்குத் தெற்கேயுள்ள கடனீரேரிக் கரையில் கால் புதைய நடந்தோர் அறிவர்: மேலே வெண்மணல், அதன்கீழ்க் கறுத்த மணல், அழுகிய முட்டையின் நாற்றம். காற்றுப் புகாத இடத்திலே வேறுவகை நுண்ணுயிர்கள் ஐதரசன் சல்பைட்டை உண்டாக்குவதால் அது நிகழ்கின்றது. தொட்டியின் முற்பகுதியில் இரண்டு விரற்கடை மணல் போதுமானது.

பூண்டுகளின் இயல்பு இதற்கு மாறானது. இலங்கையின் ஈரவலய ஓடைகளிலே வளரும் கிரிப்டோகொரைன் இனங்கள் உலகெங்கும் தொட்டிகளுக்குச் சென்றுள்ளன; அவற்றுள் மிகப் பரவிய ஒன்றுக்கு 1958இல் ஒல்லாந்துத் தாவரவியலறிஞர் டி விற், வென்ற் என்னும் ஜேர்மானிய மீன்வளர்ப்பாளரின் பெயரைச் சூட்டினார். வேரால் உண்ணும் அப்பூண்டுக்கு வெறும் வெண்மணலில் உணவில்லை. பின்புறத்தே களிமண் கலந்த பாத்தி அமைத்து, இடையிற் கல்வரிசை வைத்து, முன்புறத்தே மணல் விடுதலே தக்கது. வேரைக் கிளறினால் அதன் இலைகள் ஓரிரு நாளிற் கரைந்து அழியும். அவ்வழுகல் மீண்டும் வெண்மணலிலேயே வந்து படியும்.

மணல் எங்கிருந்து வருகின்றது என்பதும் கவனிக்கத்தக்கது. கடற்கரை மணலிற் சிப்பித்தூள் கலந்திருக்கும். தேசிக்காய்ச் சாறு சில துளி விட்டால் நுரைப்பது கொண்டு அதனை அறியலாம். அது ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த யாழ்ப்பாணக் கிணற்றுநீரை மேலும் வன்னீராக்கும். கிளாலியிலும் மணற்காட்டிலுமுள்ள மணற்றிட்டிகளோ மழைநீரை வடித்து நிலத்தினுள் விடும் பெரிய வடிகட்டிகள். உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படலத்தை அவை காக்கின்றன. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் இன்றி மணல் அகழ்தல் குற்றம். இருந்தும் கள்ளமாக அகழ்வோர் இல்லாமலில்லை. தொட்டிக்கு வேண்டியது ஒரு சிறு கடகத்தளவே. கட்டட மணல் விற்குமிடத்தில் அதை வாங்கி அரித்துக்கொள்ளலாம்.

நத்தை தேடி ஐரோப்பாவுக்குப் போகவேண்டியதுமில்லை. 1774இல் டென்மார்க்கு அறிஞர் ஒற்றோ பிறீட்றிக் மியுல்லர், சோழமண்டலக் கரையிலிருந்து கிடைத்த நீண்டு கூரிய நன்னீர் நத்தையொன்றை விவரித்தெழுதினார். இலங்கைக் குளங்களிலும் வாய்க்கால்களிலும் வாழும் அந்நத்தை பகலெல்லாம் மணலினுள்ளே புதைந்து உழுதுகொண்டிருக்கும். இரவில் மேலே வந்து அழுக்கைத் தின்னும். காலையில் விளக்கை ஏற்றிப் பார்ப்போர், முற்றம் கூட்டிய தடம்போல வெண்மணல்மேல் வளைந்து வளைந்து செல்லும் கோடுகளைக் காண்பர்.