கோவிந்தாபுரம் எல்லைப் பகுதியின் நீர்த்தேக்கங்கள்: வடிவமைப்பு வளர்ந்த வரலாறு

முன்னுரை

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு செல்லும் சாலையில் மாநில எல்லையைக் கடந்ததும் வரும் ஊர் கோவிந்தாபுரம். பாலக்காடு மாவட்டம் முதலமடை ஊராட்சிக்கு உட்பட்ட இப்பகுதியில் தமிழ் பேசும் உழவர் பலர். தெற்கே பறம்பிக்குளம், நெல்லியாம்பதி மலைகளில் மழை கொட்டும். சித்தூர் வட்டத்தின் கிழக்குச் சமவெளியோ வறட்சிக்குப் பேர்போனது. மலைமழையைச் சமவெளிக்குச் சேர்க்கும் முயற்சியே இங்குள்ள நீர்த்தேக்கங்களின் வரலாறு. அந்த வரலாற்றில், கொள்ளளவைவிட வெள்ளத்தைக் கழிக்கும் வழியும் நீர் வந்துசேரும் காலமுமே ஒரு தேக்கத்தின் பயனை முடிவு செய்கின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

மண் அணைகளின் காலம்

1956-க்கு முன் பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அம்மாநில அரசு 1949-இல் தொடங்கிய மலம்புழா அணை 1955-இல் திறக்கப்பட்டது. கேரளம் உருவான பின், காயத்ரிப்புழையின் நீரைத் தேக்க மீன்கரை அணை 1964-லும் சுள்ளியாறு அணை 1970-லும் எழுந்தன. மலம்புழாவின் கொள்ளளவு ஏறத்தாழ 8 டி.எம்.சி.; மீன்கரையையும் சுள்ளியாற்றையும் சேர்த்தாலும் 1 டி.எம்.சி. தேறாது.

மண் அணைக்குள் நீர் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். அந்தக் கசிவு கரையின் வெளிச்சரிவில் வெளிப்பட்டால் மண் சரியும். அதனால் நடுவில் களிமண் வைத்துக் கசிவைக் குறைக்கிறார்கள். வெளிப்புற அடியில் மணலும் கல்லும் அடுக்கி, மீறி வரும் நீரை வடியவிடுகிறார்கள். வடியும் நீர் தெளிவாக இருக்கும்வரை கவலையில்லை. கலங்கி வந்தால் கரை உள்ளே அரிபடுகிறது என்று பொருள்.

இதைவிடப் பெரிய ஆபத்து, நீர் கரைக்கு மேல் வழிவது. 1979-இல் குஜராத்தின் மச்சு-2 அணையில் மிகுநீர்ப் போக்கியான கலிங்கின் திறனை மீறி வெள்ளம் வந்தது; மண்கரை உடைந்து மோர்பி நகரம் அழிந்தது. கலிங்கின் அகலத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பதை நாடு உயிர்களைக் கொடுத்துக் கற்றது.

தொடர் அணைகளின் காலம்

பறம்பிக்குளம்-ஆழியாறு திட்டம் தனி அணை என்ற எண்ணத்தையே மாற்றியது. சோலையாறு, பறம்பிக்குளம், தூணக்கடவு, ஆழியாறு, திருமூர்த்தி அணைகளைச் சுரங்கங்களும் கால்வாய்களும் இணைத்தன. கேரள மண்ணில் உள்ள பறம்பிக்குளம் அணையைத் தமிழக அரசு இயக்குகிறது. 1970 மே 29-இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதல் செல்லும் இரு மாநில ஒப்பந்தப்படி, மணக்கடவு தடுப்பணை வழியாகக் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தர வேண்டும். அந்த நீரை மூலத்தறை ரெகுலேட்டர் சித்தூர் வயல்களுக்குப் பிரித்துவிடுகிறது.

ஆனால் ஆண்டுக் கணக்கு சரியாக இருந்தாலும் கதிர் பிடிக்கும் வாரத்தில் நீர் இல்லையென்றால் விளைச்சல் போய்விடும். திறந்துவிட்ட நீரை வயலுக்கு அருகிலேயே பிடித்துவைக்கும் கம்பாலத்தறை, வெங்கலக்கயம் ஏரிகளின் அருமை இங்கேதான் விளங்குகிறது. ஆழமற்ற ஏரியில் ஆவியாதல் கூடுதல்தான். எனினும் கைக்கெட்டும் தொலைவில் நீர் இருப்பது அந்த இழப்பை ஈடுசெய்கிறது.

தொடரில் ஓரிடத்துப் பழுது கீழே உள்ளவர்களையும் தாக்கும். 2009 வெள்ளத்தில் மூலத்தறை ரெகுலேட்டர் உடைந்தது. 2022 செப்டம்பர் 21 அதிகாலையில் பறம்பிக்குளத்தின் மூன்று ஷட்டர்களில் நடுவில் இருந்தது பெயர்ந்து, நொடிக்கு ஏறத்தாழ 20,000 கன அடி நீர் சாலக்குடி ஆற்றுப் பக்கம் பாய்ந்தது. அணையின் சுவர் அசையவில்லை; பழுதானது இயங்கும் பாகம்.

முடிவுரை

இப்பகுதிக்குப் பெரிய அணைகள் போதிய அளவு இருக்கின்றன. இனி வேண்டுவது மூன்று: மீன்கரையிலும் சுள்ளியாற்றிலும் வண்டல் அகற்றுதல், ஷட்டர்களையும் கலிங்குகளையும் பருவமழைக்கு முன் சோதித்தல், வயலோர ஏரிகளைப் பெருக்குதல். புதிய அணைக்குப் பணம் ஒதுக்கும் முன் இரு மாநில அரசுகளும் இந்த மூன்றையும் முடிக்க வேண்டும்.